கழுவிப் பார்த்தல்

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லச் சொல்கிறீர்கள். முயற்சி செய்கிறேன். ஆனால் ஓரிடத்தில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. தம்பி திடீரென்று நீலச் சட்டைகளாகவே வாங்க ஆரம்பித்தது அந்தப் பெண்ணைச் சந்திப்பதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் அதற்கு மருந்துதான் காரணம். பின்பு என்றால் காரணம் வேறு. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு சமயம் முன்பு என்று தோன்றுகிறது, இன்னொரு சமயம் பின்பு என்று. இத்தனை வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவளுக்கு எது முதலில், எது பிறகு என்பது குழம்பக் கூடாது. குழம்பியிருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும்.

நான் மூளைச் செல்களைப் பார்ப்பவள். எலிக்குஞ்சின் மூளையிலிருந்து எடுத்து, கண்ணாடி அடி வைத்த சின்னத் தட்டுகளில் வளர்ப்போம். சில வாரங்களில் அவை ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும். அந்தப் பேச்சைக் கேட்க முடியாது, பார்க்கலாம். செல்லுக்கு வெளியே கால்சியம் ஏராளம். உள்ளே இல்லை என்றே சொல்லிவிடலாம். செல் ஒருமுறை துடித்தால் அதன் சவ்வில் இருக்கும் கதவுகள் திறந்து கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தை முன்கூட்டியே உள்ளே ஏற்றி வைத்திருப்போம். இருட்டறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால், தூரத்து ஊர் ஒன்றில் வீடு வீடாக விளக்குப் போட்டு அணைப்பதுபோல இருக்கும். எந்த வீடு அடுத்து எரியும் என்று சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மைதான் ஆரோக்கியம்.

தட்டிலுள்ள நீரில் மக்னீசியத்தை மட்டும் இல்லாமல் செய்துவிட்டால், செல்கள் பேச்சை விட்டுவிட்டுக் கூட்டாகக் கத்தத் தொடங்கும். ஒரு மூலையில் பிறக்கும் வெளிச்சம் அலையாகத் தட்டு முழுவதும் ஓடும். ஊர் முழுக்க ஒரே நொடியில் எரியும், ஒரே நொடியில் அணையும். வலிப்பு என்பது அதுதான். அப்போது வலிப்பு மருந்தை ஊற்றுவோம். கதவுகள் சரியாகத் திறக்காது. கால்சியம் வெளியிலேயே நிற்கும். அலை சிறுத்துச் சிறுத்து ஓய்ந்து, திரை இருண்டுவிடும்.

அந்த இருட்டுதான் எங்களுக்குத் தொல்லை. மருந்து செல்களை அமைதிப்படுத்தினாலும் திரை இருளும், கொன்றுவிட்டாலும் இருளும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. அதனால் கடைசியில் மருந்தை முழுவதுமாகக் கழுவி எடுத்துவிட்டு, வெளிச்சம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பேராசிரியர் இதில் பிடிவாதக்காரர். "கழுவிப் பாக்காத முடிவ என் மேசைக்குக் கொண்டு வராதீங்கம்மா. தூங்குதா, செத்துப்போச்சான்னு எழுப்பாம எப்படித் தெரியும்?" என்பார். கழுவினால் பெரும்பாலும் திரும்பும். சில சமயம் முன்பைவிட அதிகமாகவே திரும்பும். அதைப் பதிவு செய்துகொண்டு தட்டைக் கழிவுப் பையில் போட்டுவிடுவோம். அதன் பிறகு அந்தச் செல்கள் என்ன ஆகின்றன என்று யாரும் பார்த்ததில்லை. அதற்கு அவசியம் இருந்ததில்லை.

இனி தம்பி.

அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா அதற்கும் முன்பே இல்லை. தம்பிக்கு வலிப்பு சின்ன வயதிலேயே வந்துவிட்டது. மருந்துகள் மாறின, வலிப்பு மாறவில்லை. எங்கள் வீட்டில் மேசைகளின் முனைகளில் துணி சுற்றியிருக்கும். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. அவன் குளிக்கப் போனால் வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். பதில் வரவில்லை என்றால் உள்ளே போவேன். "எங்க அக்கா எலி மூளையில சீரியல் பாக்குறா, வீட்டுக்கு வந்தா என் மூளையில" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். வாய்த்துடுக்கு. ஆனால் அவன் பேசினால் அறை நிறைந்துவிடும்.

வலிப்பு முடிந்ததும் அவன் தலை என் மடியில் இருக்கும். கண் திறப்பான். யார் என்று தெரியாது, எங்கே என்று தெரியாது. அந்தக் கண்கள் சுவரில் அலைந்து, கூரையில் அலைந்து, என் முகத்துக்கு வந்து நிற்கும். அப்புறம் உதடு அசையும். "அக்கா." ஒவ்வொரு முறையும் அதுதான் முதல் சொல். தன் பெயர்கூட அவனுக்குப் பிறகுதான் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம் என்பார்கள். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் தம்பியைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள் என்று உறவில் பேச்சு உண்டு. அது பொய். வேண்டாம் என்றது நான்தான்.

பிறகு புது மருந்து வந்தது. நரம்பு டாக்டர் ஒரு நம்பிக்கையும் இல்லாமல்தான் எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் வலிப்பு குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. கோடை போய் மழை வந்து மறுபடி கோடை வந்தது, அவன் ஒருமுறையும் விழவில்லை. ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துத் தேய்க்கும் வேலையில் சேர்ந்தான். சுழலும் இயந்திரத்தின் முன் என் தம்பியை உட்காரவைக்க ஒரு முதலாளி துணிந்திருக்கிறார். மேசை முனைகளில் இருந்த துணிகளை அவனே அவிழ்த்தான். ஒரு விடுமுறை நாளில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டினான். மறுநாள் காலையில் அது விழும் சத்தத்தைச் சமையலறையிலிருந்து கேட்டேன். சின்னச் சத்தம்தான்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள். அவன் பேச்சு மெதுவாகிவிட்டதைக் கவனித்தேன். ஒரு வார்த்தையைத் தேடி நடுவில் நின்றுவிடுவான். வாய்த்துடுக்கு குறைந்தது. முன்பெல்லாம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அன்றைய கதையைக் கொட்டுவான். இப்போது சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பான். இந்த மருந்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று தெரியும். திரை இருண்டிருந்தது. அது எந்த இருட்டு என்றுதான் தெரியவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். "ஃபிட்ஸ் நின்னாச்சு. வேலைக்குப் போறாரு. வேற என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றார்.

"பழைய ஆளா இல்ல டாக்டர்."

"பழைய ஆளா இருக்கக் கூடாதுன்னுதானே மாத்திரையே குடுக்கறோம்." அதை நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னார். எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியம் மாத்திரையும் எழுதினார். வருடக் கணக்கில் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எழுதுவதுதான். அந்த மாத்திரையும் வெள்ளை, நீளவாக்கு. மற்றதும் வெள்ளை, நீளவாக்கு. வாரத்துக்கான மாத்திரைகளை நாள்வாரிப் பெட்டியில் நிரப்பி வைப்பது எப்போதும் என் வேலை.

அந்தப் பெண் பஸ் ஓட்டுபவள். முதன்முறை வீட்டுக்கு வந்தபோது வேலைச் சீருடையிலேயே வந்தாள். நீலச் சட்டை, தம்பி வாங்கிக் குவித்திருந்த அதே நீலம். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, உங்க தம்பி ஒரு மாசமா என் பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து, அதே பஸ்ல திரும்பிப் போனாருக்கா. இவரு கடை நடுவழியில இருக்கு. பாவம், தினம் தூங்கிடறாரு போலன்னு நெனச்சேன்."

"தூங்கலாம்னுதான் ஏறினேன்" என்றான் தம்பி. "நீ போடற..." நின்றான். வார்த்தை வரவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். நானாக இருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். "நீ போடற பிரேக்குல எவன் தூங்குவான்?"

இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு பழைய சிரிப்பைவிடச் சன்னமாக இருந்தது. எனக்கு அப்படிப் பட்டது.

"பேச்சு இப்பதான் இப்படி ஆயிடுச்சு" என்று அவளிடம் தனியாகச் சொன்னேன். "முன்னாடி பாத்திருக்கணும் நீ."

"எனக்கு இதுவே போதும்கா. நாளெல்லாம் ஹார்ன் சத்தம் கேக்கறவ நான்" என்றாள்.

கல்யாணப் பேச்சு வந்தது. பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகத் தம்பி சொன்னான். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"மாத்திரை?" என்றேன். அந்த ஒரு கேள்விதான் கேட்டேன்.

"நானே எடுத்து வச்சுக்கறேன். நான் என்னக்கா சின்னப் புள்ளையா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. என் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வைத்தான். "நீயும் கொஞ்சம் உனக்காக இரு. எத்தன வருஷம் என்னயே பாத்துட்டு இருப்ப?"

அந்த வாரம் பெட்டியை நிரப்பும்போது மருந்து மாத்திரையைப் பாதியாக உடைத்து வைத்தேன்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கப் போகிறீர்கள். இல்லை. வரிசையில் அடுத்தடுத்து வருகிறது, அவ்வளவுதான். ஒன்றன்பின் ஒன்று வந்ததால் ஒன்றால் மற்றது வந்தது என்று ஆகிவிடாது. எங்கள் துறையில் முதல் பாடமே அது. கல்யாணத்துக்கு முன்பு ஒருவன் உண்மையில் யார் என்று தெரிந்துகொள்வது அந்தப் பெண்ணுக்கும் நல்லதுதானே. மருந்துக்கு அடியில் அவன் இருக்கிறானா என்று யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும். கழுவித்தான் பார்க்க முடியும்.

நான் இரக்கமற்றவள் இல்லை. திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று தெரியும். அதனால்தான் பாதியில் ஆரம்பித்தேன். "என்ன, உடைச்சு வச்சிருக்க?" என்று கேட்டான். டாக்டர் குறைக்கச் சொன்னதாகச் சொன்னேன். "அப்ப எனக்கு நல்லாயிடுச்சுன்னு சொல்லு!" என்று கடைக்கு விசில் அடித்துக்கொண்டு போனான். சில வாரம் போனது. பாதியில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மருந்தே இல்லாமல், அந்த இடத்தில் இன்னொரு கால்சியம் மாத்திரையை வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கே அக்கா."

"கம்பெனி மாத்திட்டாங்கடா."

சரி என்று வாயில் போட்டுக்கொண்டான். தண்ணீர் குடித்தான். நான் கொடுத்த எதையும் அவன் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

மிச்சமான மாத்திரைகளை வீணாக்கவில்லை. ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பொடித்துக் கரைத்து, உபரியாக இருந்த ஒரு தட்டில் ஊற்றினேன். நாங்கள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரைக்காக இல்லை, எனக்காக. அலைகள் அடங்கி இருண்டன. அவனுடைய பங்கு அமைதியை அந்தச் செல்கள் வாங்கிக்கொண்டன. கழுவினேன். திரும்பி வந்தன. அன்றைக்கு மனசு லேசாக இருந்தது.

வீட்டிலும் பலன் தெரிந்தது. அவன் படபடவென்று பேசத் தொடங்கினான். ஒருநாள் காரணமில்லாமல் என்மேல் எரிந்து விழுந்துவிட்டு, பிறகு சமையலறைக்கு வந்து என் முதுகில் தலையை முட்டி மன்னிப்புக் கேட்டான். சின்ன வயதில் செய்வதுபோலவே. தூக்கம் வரவில்லை என்றான். காலையில் கையிலிருந்த டம்ளர் துள்ளி விழுந்தது.

"அக்கா, கை ஒரு மாதிரி வெட்டி வெட்டி இழுக்குது. டாக்டர்கிட்ட போலாமா?"

"தூக்கம் பத்தலடா. கல்யாண யோசனை."

"பயமா இருக்குக்கா." அந்தக் குரலை நான் நெடுநாள் கேட்டிருக்கவில்லை. "அவகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். பஸ் ஓட்டறவ, மனசு கலங்கக் கூடாது."

அவன் தலையாட்டினான். அன்றிலிருந்து குளியலறைத் தாழ்ப்பாளைப் போடவில்லை. நான் கவனித்தேன். கதவுக்கு வெளியே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பதில் சொல்லிக்கொண்டே குளித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போவதாக இருந்தது. அவள் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவன் கூடத்தில் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். சீப்பு நின்றது. இடது உதட்டின் ஓரத்தில் ஒரு துடிப்பு. அது கன்னத்துக்கு ஏறி, தோளுக்கு இறங்கி, கைவிரல்களுக்குப் போனது. ஒரு மூலையில் பிறந்து தட்டு முழுவதும் ஓடும் அதே அலை. இதற்கு முன்பு எத்தனையோ தடவை அவன் விழுந்து பார்த்திருக்கிறேன், ஆனால் அது அலை என்று கண்ணுக்குத் தெரிந்தது அன்றுதான். அழகாக இருந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். தெளிவாக இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விழுவதற்கு முன் பிடித்துவிட்டேன். தரையில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வலிப்பு நிற்காவிட்டால் மூக்கில் அடிக்கும் மருந்து எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. கைக்கெட்டும் மேசை இழுப்பறையில். அதை அடித்தால் நின்றிருக்கும். ஆனால் அடித்தால் அவன் அப்படியே தூங்கிப்போய்விடுவான். வெகுநேரம் எழ மாட்டான், எழும்போது கூடத்தில் வேறு ஆட்கள் இருப்பார்கள். கழுவி முடிக்கும் நேரத்தில் யாராவது தட்டில் மறுபடி மருந்தை ஊற்றுவார்களா?

ஒருமுறை தானாக நின்றது. கண் திறந்தது. சுவரில் அலைந்தது. கூரையில் அலைந்தது. நான் குனிந்து காத்திருந்தேன். என் முகத்துக்கு வந்து நிற்பதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. பிறகு அடுத்தது. நடுவில் அவன் கண் திறக்கவே இல்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

வாசல் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது என்று அவள் சொல்கிறாள். கதவைத் தட்டினாளாம், கத்தினாளாம், ஜன்னல் வழியாக என் முதுகு தெரிந்ததாம். இருக்கலாம். எனக்கு நினைவிருப்பது பக்கத்து வீட்டுக்காரர் தோளால் மோதிக் கதவு திறந்ததும், அவள் இழுப்பறையை இழுத்து அந்த மருந்தை எடுத்ததும்தான். அது எங்கே இருக்கிறது என்று தம்பி அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது.

ஆம்புலன்சில் அவள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "உள்ளதானே இருந்தீங்க. ஏன்கா தொறக்கல?"

"அவன் எழுந்துக்கட்டும்னு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மருந்து இருந்த தடமே இல்லை என்றார் டாக்டர். கல்யாண மும்முரத்தில் இவனே விட்டிருப்பான் என்று சலித்துக்கொண்டார். அவள் விடவில்லை. "ஒரு வேள கூட விட்டதில்ல டாக்டர். என் முன்னாடி பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டுக்குவாரு, அக்கா வச்சதுன்னு சொல்லிக்கிட்டே." வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து அவர் மேசையில் கவிழ்த்தாள். எல்லாம் கால்சியம். டாக்டர் அந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் முழுதாக இருக்கட்டும். மாத்திரையை மாற்றியது நான். கை உதறியபோது டாக்டரிடம் போகாமல் தடுத்தது நான். இழுப்பறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் அதைத் திறக்காமல் இருந்ததும் நான்தான். எதையும் மறுக்கவில்லை.

தம்பி உயிரோடு இருக்கிறான். மூச்சு தானாக வருகிறது. கண் திறக்கிறான், யாரையும் தெரியவில்லை, பேச்சு இல்லை. இனி வராது என்கிறார்கள். நாள்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் வைத்திருக்கிறார்கள். வலிப்பு முழுவதும் கட்டுக்குள் இருக்கிறதாம். அந்தப் பெண் இன்னும் பஸ் ஓட்டுகிறாள். வேலை முடிந்து சீருடையோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். டிப்போ பக்கத்து வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். டாக்டர் எனக்கெதிராகச் சாட்சி சொல்லப் போகிறார். பேராசிரியர் என் பெயரை நீக்கிவிட்டுக் கட்டுரையை வெளியிட்டார். கழுவிய பின் அலை திரும்பும் படம் அதில் நன்றாக வந்திருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். அந்த விடுதியில் மாத்திரை கொடுப்பவர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறுகிறார்களாம். அது சரியில்லை. அந்த வேலையை ஒரே ஆளிடம் விட வேண்டும். அவன்மேல் அக்கறை உள்ள ஆளிடம்.